மீட்டர் அக்காவின் நாலு படங்கள்

குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் வாசிக்கிறவர்கள் மொத்தம் பதினொரு பேர். கடைசியாகச் சேர்ந்தவளைக் குடியிருப்புகளில் எல்லோரும் மீட்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் மட்டும் அவளுக்கு 'மறுபடி எக்ஸ்பிரஸ்' என்று பட்டம் கட்டியிருந்தார்கள். அதற்குக் காரணம் அவளுடைய பழைய போன்.

மீட்டரில் ஓடியிருக்கிற எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால் மட்டும் போதாது. படமும் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். கடைசி இரண்டு இலக்கம் தெளிவாக இல்லையென்றால், 'மறுபடி எடுக்கவும்' என்று சிவப்பு எழுத்தில் அரை மணி நேரத்துக்குள் திரும்பி வந்துவிடும். மனிதன் நின்று வசதியாகப் பார்க்கிற இடத்தில் எந்த மீட்டரும் இருப்பதில்லை. படிக்கட்டுக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பூந்தொட்டிகளுக்கு நடுவில் என்று ஒளிந்துகொண்டிருக்கும். இருட்டுக்குப் பயந்து ஃபிளாஷ் போட்டால் மீட்டரின் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு சுண்ணாம்புத் திட்டு விழும். போடாவிட்டால் எல்லாம் கரிப்பூச்சு. ஒருநாள் ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போனாள். முதல் தடவை பாய்ந்து குரைத்த நாய் மூன்றாவது தடவை வாலாட்டியது.

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். அவன் பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவன். விடியற்காலை போய் மதியம் வந்துவிடுவான்.

"ஏங்க, இனிமே என்னால முடியாது. இந்த போன தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும்."

"வாங்குறதுதான் வாங்குற, நல்லதா வாங்கு. தவணையில எடுத்துக்கலாம். எங்க முதலாளி வச்சிருக்காரே, அந்த மாதிரி."

"அவரு அதுல ரொட்டியத்தான படம் எடுக்குறாரு? எனக்கு எண்ணு தெரிஞ்சா போதும்."

மறுநாள் இருவரும் போன் கடைக்குப் போனார்கள். விற்பனைக்கு நின்ற பெண் வாயாடி. ஆனால் பொய் சொல்லத் தெரியாதவள். அந்த வேலைக்கு அது பெரிய குறை. விலை குறைந்த வரிசையிலிருந்து ஒரு நீலநிற போனை எடுத்து நீட்டினாள்.

"இது எடுத்துக்கோங்கக்கா. பின்னாடி மூணு கண்ணு இருக்குல்ல, அதுல மேல இருக்குறது மட்டும்தான் வேலைக்காரன். ஐம்பது மெகாபிக்சல். மத்த ரெண்டும் அலங்காரத்துக்கு."

கணவன் சிரித்துவிட்டான். "என்னம்மா, உன் சரக்க நீயே குறை சொல்ற?"

"வாங்கிட்டுப் போய் அப்புறம் வந்து என்னைத்தானே திட்டுவீங்க? செல்ஃபி எடுத்தா மூஞ்சி மாவு பூசுன மாதிரி வெள்ளையா வரும். தூரத்துல இருக்குறத இழுத்து எடுத்தா மங்கிடும். ஆனா கிட்டத்துல நின்னு எடுத்தீங்கன்னா இந்த விலைக்கு இத அடிச்சுக்க ஆளில்ல. சார்ஜ் ரெண்டு நாள் நிக்கும். மெமரி கார்டு தனியா போட இடம் இருக்கு. விலை கூடின போன்ல பாதிக்கு மேல அது கிடையாது."

மீட்டர் அக்கா போனை வாங்கினாள். மற்றவர்கள் கடையில் போனை வாங்கியதும் தங்கள் முகத்தைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள். அவள் தரையில் குந்தி, மேசைக்கு அடியில் இருந்த மின்பெட்டியைப் பார்த்தாள். அங்கே ஒரே இருட்டு. பெட்டியின் கண்ணாடி மூடிக்குள் தூசி படிந்த ஒரு சீட்டு.

"ஃபிளாஷ் போடாம எடுக்கலாமா?"

"நைட் மோடு வைங்க. ரெண்டு செகண்டு கைய ஆட்டாம பிடிக்கணும். மூச்சக்கூட விடாதீங்க."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். போன் ஒரு தடவை லேசாக அதிர்ந்தது. படத்தை விரலால் பெரிதாக்கினாள். சீட்டில் இருந்த எண் வரிசை, அதன் ஓரத்தில் யாரோ பேனாவால் போட்ட டிக், மூடியின் மேல் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு சிற்றெறும்பு எல்லாம் தெரிந்தன. எறும்பின் கால்கள் தெரிந்தன.

"ஏங்க, இங்க பாருங்க! எறும்புக்குக் காலு தெரியுதுங்க!"

கடைப் பெண்ணும் மேசைக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "இத்தன நாளா விக்கிறேன், இப்படி எடுத்துப் பாக்கணும்னு எனக்கே தோணலக்கா" என்றாள்.

மீட்டர் அக்காவின் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் விலை. தவணை வேண்டியிருக்கவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து சிவப்பு எழுத்து வருவது நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் சந்தேகப்பட்டு, "அக்கா, செயலி ஏதாவது கெட்டுப் போச்சா? உங்களுக்கு ஒண்ணுகூட திரும்ப வரலையே" என்று கேட்டார். காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறவள் பிற்பகல் இரண்டுக்குள் நூற்றிருபது மீட்டரை முடித்தாள். மழையில் நனைந்தது அந்த போன். ஒருமுறை தொட்டி மேட்டிலிருந்து கீழே விழுந்து ஓரம் மட்டும் சப்பையானது. கொளுத்துகிற வெயிலில் திரையைக் கைக்குட்டையால் மூடிப் பார்க்க வேண்டியிருந்தது. எதுவானாலும் படம் மட்டும் பிசகவில்லை. அவள் வேலைக்கு என்றே யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த மாதிரி இருந்தது.

இன்னொரு பழக்கமும் வந்தது. மற்றவர்கள் போனில் இடம் நிரம்பிவிடுகிறது என்று, அனுப்பியதும் படத்தை அழித்துவிடுவார்கள். அனுப்பும்போது படம் சுருங்கித்தான் போகும். அலுவலகத்தில் இருப்பது எண் மட்டும் தெரிகிற சிறிய படம். இவள் மெமரி கார்டு போட்டிருந்தாள். அதனால் எதையும் அழிக்கவில்லை. போனுக்குள்ளேயே மாதத்துக்கு ஒரு கோப்புறை, அதற்குள் தெருவுக்கு ஒரு கோப்புறை என்று பிரித்து வைத்தாள். வீட்டுத் துணிகளைக்கூட அவள் அவ்வளவு ஒழுங்காக மடித்து வைத்ததில்லை என்று கணவன் சொன்னான். அது உண்மைதான்.

அவள் போகிற வழியில் ஒரு நாலு மாடிக் குடியிருப்பு இருந்தது. அது பள்ளத்தில் கட்டிய கட்டடம். பின்பக்கத் தெரு மேட்டில் இருந்தது. மேட்டு மண் சரிந்து வராமல் தாங்குவதற்காக, ஒன்றரை ஆள் உயரத்தில் ஒரு செங்கல் சுவர். மொத்தக் குடியிருப்புக்கும் உரிய பெரிய மீட்டர் அந்தச் சுவரில், முழங்கால் உயரத்தில், ஒரு சின்ன மாடத்துக்குள் இருந்தது. தெருக்குழாய் சுவர் வழியாக மீட்டருக்கு வந்து, அதைத் தாண்டியதும் திரும்பவும் சுவருக்குப் பின்னால் மண்ணுக்குள் போய், மூலையில் இருந்த நிலத்தடித் தொட்டியில் இறங்கியது.

சுவரின் நிழலில் பாய் விரித்து, கீழ்த்தளத்தில் குடியிருந்த டீச்சர் சாயங்காலங்களில் டியூஷன் நடத்தினாள். அவள் வீட்டில் ஒரே அறை. பதினான்கு பிள்ளைகள் உள்ளே அடங்கமாட்டார்கள். பைகளைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு, சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வார்கள். மீட்டர் அக்கா அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் டீச்சர் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பாள். இரண்டு பேரும் ஒரே வயது. பேச ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது.

நாலாவது மாதம் போனபோது டீச்சரின் முகம் வாடியிருந்தது.

"என்ன டீச்சர், பிள்ளைங்க சேட்ட தாங்கலையா?"

"பிள்ளைங்க இல்லக்கா, பெரியவங்கதான். மூணு மாசமா தண்ணி கணக்கு ஏறிக்கிட்டே போகுதாம். என் டியூஷன் பிள்ளைங்க வந்து குழாயத் திறந்து விட்டுட்டுப் போறதாலதான்னு செக்ரெட்டரி சொல்றாரு. இந்த மாசத்தோட டியூஷன நிறுத்தணுமாம். கூட்டத்துல எல்லாரும் தலையாட்டிட்டாங்க."

"பதினாலு பிள்ளைங்க அவ்வளவு தண்ணியா குடிப்பாங்க? யானை வளக்குறீங்களா என்ன?"

டீச்சர் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவளுக்கு அது ஒன்றுதான் வருமானம்.

மீட்டர் அக்கா குந்தி உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து, படத்தை எடுத்தாள். எண் தெளிவாக வந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். எண் தெளிவாகத்தான் இருந்தது. படத்தின் மேல் ஓரத்தில் வேறு ஏதோ உறுத்தியது.

மாடத்துக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைப் பெயிண்ட் சொட்டு உண்டு. வாத்து மாதிரி இருக்கும். கழுத்து, மூக்கு எல்லாம் உண்டு. புதுப் போனில் முதல் மாதம் எடுத்த படத்தில் அதைப் பார்த்துவிட்டு, 'படம் எவ்வளவு துல்லியம் பாருங்க' என்று கணவனிடம்கூடக் காட்டியிருந்தாள். இப்போது அந்த வாத்தின் கழுத்து தனியாகவும் உடம்பு தனியாகவும் இருந்தது. நடுவில் ஒரு கறுப்புக் கோடு.

அவள் டீச்சர் வீட்டுப் படியில் உட்கார்ந்து, போனில் பழைய கோப்புறைகளைத் திறந்தாள். முதல் மாதப் படத்தில் மாடத்தின் மூலையிலிருந்து மயிரிழைபோல ஒரு விரிசல் கிளம்பி, வாத்துக்கு ஒரு விரற்கடை கீழே நின்றிருந்தது. இரண்டாவது மாதம் அது வாத்தின் வயிற்றைத் தொட்டிருந்தது. மூன்றாவது மாதம் கழுத்தைத் தாண்டியிருந்தது. நாலாவதில் விரிசலுக்குள் ஒரு தீக்குச்சி நுழையும். நாலு படமும் ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் எடுத்தவை. மீட்டர் முழுவதும் திரையில் அடங்க வேண்டும் என்பதற்காக அவள் எப்போதும் அதே இடத்தில்தான் குந்துவாள்.

"டீச்சர், இங்க வாங்க" என்றாள். அவள் குரலே மாறியிருந்தது. "பிள்ளைங்கள இன்னைக்கு இங்க உக்கார வைக்காதீங்க. முன்பக்கம் எங்கயாவது உக்கார வைங்க. நான் செக்ரெட்டரியப் பாத்துட்டு வரேன்."

குடியிருப்புச் சங்கத்தின் செக்ரெட்டரி மூன்றாவது மாடியில் இருந்தார். ஒரு தொழிற்சாலையில் பண்டகசாலை அதிகாரியாக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். அவள் சொன்னதைப் பாதி கேட்டார்.

"நீங்க மீட்டர் பாக்க வந்தீங்களா, சுவர் பாக்க வந்தீங்களா?"

"மீட்டர்தான் சார் பாக்க வந்தேன். சுவரும் படத்துல விழுந்திருச்சு."

"அந்தச் சுவருல விரிசல் நான் குடி வந்ததுலேர்ந்து இருக்கு. சும்மா பூச்சு விட்டிருக்கும். டீச்சர் சொல்லி அனுப்பிச்சாங்களா? தண்ணி விஷயத்த மறைக்க இது ஒரு வழியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நகரவில்லை. "ஒரு நிமிஷம் கீழ வந்து பாத்துடுங்க சார்."

அவர் வந்தார். வந்து, பையிலிருந்து தன் போனை எடுத்தார். தோலுறை போட்ட, பளபளப்பான, அவளுடையதைப் போல ஐந்து மடங்கு விலை இருக்கக்கூடிய போன். சுவரை ஒரு படம் எடுத்து அவளிடம் காட்டினார்.

"பாருங்க. இதுதான் நல்ல கேமரா. இதுலயே ஒரு கோடு மாதிரிதான் தெரியுது. இதுக்குப் போய்..."

"உங்க போன் ரொம்ப நல்ல போன்தான் சார். ஆனா நாலு மாசம் முன்னாடி அது இங்க வந்து நிக்கலையே. இது நின்னுச்சு."

நாலு படத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக் காட்டினாள். அவர் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் பார்த்தார். ஒரு கணம் தயங்கினார். பிறகு, "வெளிச்சம் மாறினா அப்படித்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

மீட்டர் அக்கா மேற்பார்வையாளரைப் போனில் கூப்பிட்டாள். அவரும், "சுவரு நம்ம வேலை இல்லக்கா. தண்ணி சம்பந்தமா ஏதாவது இருந்தா சொல்லுங்க, ஆள அனுப்புறேன். சுவருக்காக என் தலைய உருட்டாதீங்க" என்று வைத்துவிட்டார்.

தண்ணி சம்பந்தமா. அந்த வார்த்தை அவளை விடவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தாள். மூன்று மாதமாகத் தண்ணீர் கூடுகிறது. மூன்று மாதமாக விரிசலும் கூடுகிறது. குழாய் போவதோ சுவருக்குப் பின்னால்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. காலை பத்து மணிக்கு அவள் மறுபடியும் அந்தக் குடியிருப்பில் நின்றாள். டீச்சர் ஆச்சரியப்பட்டாள்.

"லீவு நாள்ல யாராவது வேலைக்கு வருவாங்களாக்கா?"

"வேலைக்கு வரல. உங்க பிள்ளைங்க எவ்வளவு தண்ணி குடிக்கிறாங்கன்னு பாக்க வந்தேன். வாங்க, தொட்டிக்குள்ள தண்ணி விழுற இடத்துல வால்வு இருக்குமே, அத இறுக்கி மூடுங்க."

டீச்சர் இரண்டு கையாலும் வால்வைத் திருகி மூடினாள். தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற ஓசை நின்றது. இப்போது மீட்டர் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகக் கூடாது. மீட்டரின் முகத்தில் எண்களுக்குக் கீழே, பொட்டு அளவில் ஒரு சிவப்புச் சக்கரம் உண்டு. தண்ணீர் போனால் அது சுற்றும். இருவரும் தலையை மோதிக்கொண்டு அதைப் பார்த்தார்கள்.

"நிக்கிற மாதிரிதான் இருக்கு" என்றாள் டீச்சர். "இல்ல, இல்ல... அசையுதோ?"

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. நம்ம கண்ண நம்ப வேண்டாம்."

இரண்டு செங்கல்லை அடுக்கி, அதன் மேல் போனைச் சாய்த்து நிறுத்தினாள். மீட்டருக்கும் போனுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. கேமராவில் 'டைம் லேப்ஸ்' என்று ஒன்று இருப்பதைக் கடைப் பெண் அன்றைக்கே காட்டியிருந்தாள். நீண்ட நேரத்தைச் சுருக்கி, கொஞ்ச நேரத்தில் ஓடவிடுகிற வித்தை. மேகம் ஓடுவதை எடுக்கலாம், பூ மலர்வதை எடுக்கலாம் என்றெல்லாம் சொன்னாள். அக்காவுக்கு மேகத்தோடும் பூவோடும் வேலை இல்லாததால் அதை மறந்தே போயிருந்தாள். இப்போது அதை வைத்துவிட்டு, டீச்சரின் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தாள்.

நாற்பது நிமிடம். டீச்சர் டீ போட்டுக் கொண்டுவந்தாள். தனக்குச் சின்ன வயதில் கணக்கே வராது என்று சொன்னாள். பின்னே எப்படிக் கணக்கு டீச்சர் ஆனீர்கள் என்று அக்கா கேட்டாள். வராதவங்களுக்குத்தான் எங்க தடுக்கும்னு தெரியும் என்று டீச்சர் சொன்னாள். அதற்குள் நேரம் ஆகிவிட்டது.

போனை எடுத்து ஓடவிட்டார்கள். நாற்பது நிமிடமும் ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்கியிருந்தது. வெயில் மாடத்துக்குள் ஒரு கோடாக நுழைந்து, நகர்ந்து, வெளியே போயிற்று. ஓர் எறும்பு வரிசை மின்னல்போல் ஓடியது. நடுவில் அந்தச் சிவப்புச் சக்கரம் நிற்காமல், பம்பரம்போல் சுற்றிக்கொண்டிருந்தது.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். "வால்வு மூடித்தானக்கா இருக்கு?"

"மூடித்தான் இருக்கு. தண்ணி தொட்டிக்கு வரல. அப்ப எங்க போகுது?"

இருவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள்.

அந்த வீடியோவையும் நாலு படங்களையும் மேற்பார்வையாளருக்கு அனுப்பினாள். கீழே ஒரே ஒரு வரி எழுதினாள்: 'தண்ணி சம்பந்தமாத்தான் சார்.' ஐந்து நிமிடத்தில் அவர் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள். "அக்கா, அங்கயே இருங்க. எஞ்சினியரம்மாவ கூட்டிட்டு வரேன்" என்றார்.

எஞ்சினியரம்மா குட்டையானவர், பேச்சும் குறைச்சல். வந்ததும் சுவரைப் பார்க்கவில்லை, போனைத்தான் கேட்டார். நாலு படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். விரிசல் கிளம்புகிற மாடத்தின் மூலையில் நிறுத்தி, மீட்டரின் திருகாணியோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார்.

"இந்தத் திருகாணி எட்டு மில்லிமீட்டர். அத வச்சுப் பாத்தா விரிசல் நாலு மாசத்துல கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர்லேர்ந்து நாலு ஆயிருக்கு. கடைசி மாசத்துல மட்டும் ரெண்டு." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "இத எந்தக் கேமராவுல எடுத்தீங்க?"

"இதே போன்லதான் மேடம். விலை கம்மிதான்."

"விலைய யாரு கேட்டா? எங்க ஆபீஸ்ல தொட்டிச் சுவரு பாக்கப் போறவங்க அனுப்புற படத்துல விரிசலா, முடியா, நிழலான்னு தெரியாது. இது அளக்கற மாதிரி இருக்கு."

பிறகு சைக்கிள் சக்கரக் கம்பிபோல ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்து, விரிசலுக்குள் மெதுவாக நுழைத்தார். கம்பி போய்க்கொண்டே இருந்தது. ஒரு முழம் போன பிறகும் எதிலும் முட்டவில்லை. வெளியே இழுத்தபோது நுனியில் சேறு ஒட்டியிருந்தது. பின்னால் இருக்க வேண்டிய கெட்டி மண் கரைந்து, சுவருக்குப் பின்னால் வெறும் பொந்தும் சேறுமாக இருந்தது.

எஞ்சினியரம்மா கம்பியைத் துடைத்தபடி, "யாரும் இந்தச் சுவருக்குப் பத்தடி கிட்ட வரக் கூடாது" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் பின்வாங்கினார்கள். அதற்குள் செக்ரெட்டரியும் இறங்கி வந்திருந்தார். அவர்தான் எல்லோருக்கும் முன்னால் பின்வாங்கினார்.

தெரு முனையில் தண்ணீரை அடைத்தார்கள். குடியிருப்புக்கு லாரியில் தண்ணீர் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒரு மேஸ்திரியும் நாலு ஆட்களும் சுவரை மேலிருந்து வரிசை வரிசையாகப் பிரித்து இறக்க வந்தார்கள். மீட்டரைக் கழற்றி எடுத்துக்கொள்ள அக்காவும் போயிருந்தாள். அதை அதற்கு முன்தினமே கழற்றிவிட்டார்கள் என்பதால் அவளுக்கு அங்கே வேலை இல்லை. எஞ்சினியரம்மா சொன்னார்: "வந்தது வந்தீங்க. தூரமா நின்னு வீடியோ எடுங்க. ரிப்போர்ட்டுக்கு வேணும். மெதுவா ஓடுற மாதிரி எடுக்க முடியும்ல?"

"ஸ்லோ மோஷன் இருக்கு மேடம்."

மேஸ்திரி ஏணி போட்டு, மேல் வரிசையில் மூன்று செங்கல்லைத்தான் உருவினார். நாலாவதில் கை வைத்தபோது உள்ளுக்குள் ஏதோ முனகியது. அவர் அனுபவசாலி. "ஓடுங்கடா!" என்று கத்திக்கொண்டு ஏணியிலிருந்து அப்படியே குதித்தார். ஆட்கள் சிதறினார்கள். அடுத்த கணம் சுவர் இல்லை. தூசியும் சேறும் செங்கல்லுமாக முற்றம் நிறைந்துவிட்டது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. மேஸ்திரி மட்டும் தன் செருப்பு ஒன்றைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் அக்காவின் போனைச் சூழ்ந்துகொண்டார்கள். கண்ணுக்கு ஒரு நொடியில் முடிந்தது, திரையில் நிதானமாக நடந்தது. முதலில் சுவரின் நடுப்பகுதி தொப்பைபோல முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. பிறகு மாடத்தின் மூலையிலிருந்து அந்தக் கறுப்புக் கோடு வாய் பிளந்தது. உள்ளேயிருந்து பழுப்பு நிறச் சேறு நாக்கைப்போல நீண்டு, முற்றத்தில் வழிந்து, வழக்கமாகப் பாய் விரிக்கிற இடத்தை மூடி, எதிர்ச்சுவர் வரைக்கும் போய் நின்றது. அதன் மேல் செங்கற்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

டீச்சர் இரண்டாவது தடவை பார்க்கவில்லை. படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். மீட்டர் அக்கா போனைச் செக்ரெட்டரியின் கையில் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் விடவில்லை.

அன்று சாயங்காலம் குடியிருப்பில் கூட்டம் போட்டார்கள். மீட்டர் அக்காவையும் இருக்கச் சொன்னார்கள். செக்ரெட்டரி எழுந்து நின்றார். பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

"தண்ணி கூடினதுக்குக் காரணம் டீச்சரும் இல்ல, பிள்ளைங்களும் இல்ல. நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோங்க டீச்சர்." அவருக்குப் பழக்கமில்லாத வார்த்தை, மெதுவாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. "புதுச் சுவர் கட்டி முடிக்கிற வரைக்கும் டியூஷன் என் வீட்டு ஹால்ல நடக்கட்டும். நாங்க ரெண்டு பேருதான் இருக்கோம். இடம் நிறைய கிடக்கு."

"பதினாலு பிள்ளைங்க சார். சத்தம் போடுவாங்க" என்றாள் டீச்சர்.

"போடட்டும்" என்றார் அவர்.

ஒரு மாதம் கழித்து எஞ்சினியரம்மா அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் அறிக்கை இருந்தது. அதில் ஒரு முழுப் பக்கத்தில் நாலு படங்களையும் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். அவ்வளவு பெரிதாக்கியும் எதுவும் கலையவில்லை. செங்கல்லின் சொரசொரப்பு, சுண்ணாம்பு உதிர்ந்த தடம், மாடத்தின் ஓரத்தில் தொங்கிய சிலந்தி நூல் எல்லாம் அப்படியே இருந்தன. கீழே 'படங்கள்' என்று போட்டு, தலைப்பெழுத்தோடு அவள் முழுப் பெயரும் இருந்தது. பக்கத்தில் 'மீட்டர் வாசிப்பாளர்' என்று பதவி. இனிமேல் எல்லாரும் சுவரில் இருக்கிற மீட்டர்களின் பழைய படங்களை அழிக்காமல் வைக்க வேண்டும், எல்லாருக்கும் மெமரி கார்டு கொடுக்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் பரிந்துரையும் எழுதியிருந்தார்கள்.

எஞ்சினியரம்மா கொடுத்த பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து கணவனிடம் காட்டினாள். சப்பாத்திக்குப் பிசைந்துகொண்டிருந்தவன் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நாலு படங்களையும் விரலால் தொட்டுத் தொட்டு வரிசையாகப் போனான். அவள் பெயரில் வந்து விரல் நின்றது. அதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தான். பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி படித்தான்.

"சும்மா இருங்க" என்றாள் அவள். ஆனால் கதவைச் சாத்தவில்லை.